பரம்பின்மேல் நான்கு இலை

எங்கள் பெரியப்பா வீட்டில் ஒரு மேசை இருந்தது. திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் ஊரிலும் சுற்றியிருந்த ஏழெட்டு ஊர்களிலும் குடியானவர் வீட்டில் மேசை இருந்தது அங்கே மட்டும்தான். சேலத்தில் யாரோ ஒரு வெள்ளைக்கார அதிகாரி மாற்றலாகிப் போனபோது ஏலத்தில் எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தது. அதில் உட்கார்ந்து யாரும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. மேலே மிளகாய் மூட்டை இருக்கும். கீழே கோழி அடை காக்கும். ஆனாலும் பெரியப்பா வாயைத் திறந்தால் எப்படியாவது பேச்சு மேசையில் வந்து நின்றுவிடும்.

என் அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. பாகம் பிரித்ததில் பித்தளை அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாம் பெரியப்பாவின் பெரிய வீட்டோடு நின்றுவிட்டன. எங்களுக்கு வந்தவை தோட்டத்துக்குள் ஒரு கூரை வீடு, கிணற்றில் பாதி, ஒரு ஜோடி எருது, உழவு சாமான்கள். அம்மாவின் பிடிவாதத்தை மட்டும் யாராலும் பாகம் பிரிக்க முடியவில்லை. அது முழுசாக எங்களிடமே இருந்தது.

அந்த வருஷம் வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. எடப்பாடிப் பக்கம் கொடுத்திருந்தோம். ஆடி முதல் தேதி எங்கள் பக்கம் பெரிய நோம்பி. தேங்காயின் கண்ணைத் தோண்டித் தண்ணீரை வடித்து, வெல்லமும் பொட்டுக்கடலையும் எள்ளும் உள்ளே அடைத்து, குச்சியில் செருகி நெருப்பில் சுட்டுப் பிள்ளையாருக்கு வைப்போம். புதுசாகக் கல்யாணமான வீட்டில் அன்றைக்குத் தேங்காயோடு இன்னொன்றும் உண்டு. மாப்பிள்ளையையும் பெண்ணையும் அழைத்துவந்து தலையாடி விருந்து போட வேண்டும். அந்த விருந்து எந்த வீட்டில் நடக்கிறதோ அதுதான் பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று ஆகிவிடும். பிறகு வருகிற பொங்கல், வளைகாப்பு, பிள்ளைக்கு மொட்டை, எதுவானாலும் பெண் அந்த வாசலில்தான் வந்து இறங்குவாள்.

நோம்பிக்கு முதல் நாள் காலையில் பெரியப்பா எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டு அம்மாவிடம் பேசினார். அந்தக் காலத்தில் மரியாதை அப்படித்தான் வளைந்து வளைந்து போகும்.

“சம்பந்திக்கு முட்டி மடங்காதாம். போன மாசம் வண்டியில இருந்து எறங்கயில பெசகிப் போச்சாம். கீழ உக்கார வெச்சு எலை போட முடியாது. மேசை நம்மூட்டுலதான இருக்குது? விருந்தை அங்கயே வெச்சுக்கலாம். உங்கம்மாளை வெடியக்காலம் சமையலுக்கு வரச் சொல்லு.”

கதவுச் சந்தில் அம்மாவின் வெள்ளைச் சேலை முந்தானை மட்டும் தெரிந்தது. அதை அவள் விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

“ஏனுங்க மாமா, அவருக்கு மேசைதானுங்க வேணும்?”

“ஆமா.”

“அதை நான் எங்கூட்டுலயே போட்டுக்கறேனுங்க.”

பெரியப்பா இப்போது என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கதவையே பார்த்தார். “உங்கூட்டுல மேசை ஏது?”

“நாளைக்கு உங்களுக்கும் ஒரு எலை போட்டிருக்குமுங்க. வந்து பாருங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்புகிறது. போகிற போக்கில் எங்கள் வெள்ளாட்டங்குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு வேறு போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா வெளியே வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். நானும் அவளைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தேன். பானை, சட்டி, முறம், கூடை, உரல், கயிற்றுக் கட்டில். மேசை மாதிரி எதுவும் இல்லை.

“அம்மா, கதவைக் கழட்டிரலாமா?” என்றேன்.

“கதவைக் கழட்டிட்டா நாயி வந்து மொதப் பந்தியில உக்கார்ந்துக்கும்” என்று சொல்லிக்கொண்டே அவள் மாட்டுக் கொட்டகைக்குள் போனாள். திரும்பி வரும்போது ஒரு முனையைத் தோளில் சாய்த்து மறுமுனை தரையில் இழுபட, பரம்பைக் கொண்டுவந்தாள்.

பரம்பு என்பது உழுத வயலைச் சமன்படுத்த எருது கட்டி இழுக்கும் நீளப் பலகை. நான்கு பேர் வரிசையாக உட்காரும் நீளம் இருக்கும். அகலம் ஓர் இலைக்குப் போதும். மேல் பக்கம் கயிறு கட்டும் துளைகளும் பிளவுகளுமாகக் கோரமாக இருந்தது. ஆனால் வருஷக்கணக்கில் சேற்றில் இழுபட்ட அடிப்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்தது. அம்மா அதைத் திருப்பிப் போட்டுக் கையால் ஒரு தடவை தடவினாள். நானும் தடவினேன். கோழி அடை காக்கும் மேசை எந்த மூலைக்கு என்று தோன்றியது.

கிணற்றடியில் போட்டுத் தேங்காய் நாரும் சாம்பலுமாகத் தேய்த்தோம். என் கை கன்றிப்போகும்வரை தேய்த்தேன். ஒவ்வொரு தேய்ப்புக்கும் பெரியப்பாவை மனசுக்குள் ஒரு வார்த்தை சொன்னேன். அவை இங்கே எழுதத் தக்க வார்த்தைகள் அல்ல.

மேசைக்குப் பலகை கிடைத்துவிட்டது, கால்தான் இல்லை. கல் உரலை இருவருமாக உருட்டிக்கொண்டு வந்து நடுவீட்டின் ஒரு மூலையில் நிறுத்தினோம். அது ஒரு கால். மறுபக்கத்துக்குப் பருத்தி எடுக்கும் கூடைக்குள் கல்லை அடுக்கி வைத்தோம். பலகையைப் போட்டுப் பார்த்தால் கூடைப் பக்கம் சாய்ந்தது. அம்மா ஒரு வட்டிலில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைத்தாள். நாற்று விடுவதற்கு முன் வயலில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாளே, அதே மாதிரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு சாண் உயரம் குறைந்தது.

தானியம் அளக்கும் வள்ளத்தைக் கூடைமேல் வைத்தால் சரியாக வரும் என்று நான்தான் கண்டுபிடித்தேன். சும்மா கவிழ்த்து வைக்கப் போனேன். அம்மா பட்டென்று கையைத் தட்டிவிட்டாள். வள்ளத்தைக் கவிழ்த்து வைத்தால் அந்த வீட்டில் தானியம் நிற்காது என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. “நெறைஞ்சு நிக்கோணும் சாமி” என்று சொல்லி, விளிம்புவரை கம்பை நிரப்பி நிமிர்த்தி வைத்தாள். நிறைந்த வள்ளம் மேசைக்கு ஒரு காலாக நின்றது. யாராவது முழங்கையை ஊன்றினால் மட்டும் கொஞ்சம் ஆடியது.

“நான் கீழ உக்கார்ந்து புடிச்சுக்கறேன்” என்றேன். வேறு வழி இருந்திருந்தால் அம்மா ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

பரிமாறவும் எங்களிடம் ஒன்றும் கிடையாது. புது முறத்தில் வாழையிலை விரித்தால் ஒப்புட்டுப் போளி வைக்கும் தட்டு. கொட்டாங்கச்சியைச் சுரண்டி வழித்தால் உப்புக் கிண்ணம். விளக்குக்கு எண்ணெய் விடும் சின்னக் கரண்டியைப் புளி போட்டு மூன்று தடவை விளக்கியதும் அது நெய்க் கரண்டி. பால் கறக்கும் செம்பு தண்ணீர் குடிக்க. உட்கார, அப்பாவின் கயிற்றுக் கட்டிலையும் பக்கத்துத் தோட்டத்தில் வாங்கிய இன்னொரு கட்டிலையும் சேர்த்துப் போட்டோம். கடைசியில் அம்மா பெட்டியிலிருந்து ஒரு துப்பட்டியை எடுத்து மேசையின் முன்பக்கம் தரைவரை தொங்கவிட்டாள். உரலும் கூடையும் மறைந்துவிட்டன. எட்டி நின்று பார்த்தேன். வெள்ளைக்கார துரை வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவார் என்று தோன்றியது.

ஒரே ஒரு வேலைக்குத்தான் பெரிய வீட்டின் தயவு தேவைப்பட்டது. சாயந்திரம் அம்மா என்னை அங்கே அனுப்பினாள். பெரியப்பாவுக்கு இரண்டு மருமகள்கள். நாளைக்கு அவர்கள் வந்து பரிமாறிக் கொடுக்க வேண்டும் என்று கேட்டுவரச் சொன்னாள். அப்பா போன பிறகு அம்மா நல்ல காரியங்களில் முன்னால் வந்து நின்றதில்லை. வெள்ளைச் சேலைக்காரி எதிரே வரக்கூடாது. அப்படித்தான் ஊர் வைத்திருந்தது. அக்கா கல்யாணத்தில்கூடச் சமையல் கொட்டகையைத் தாண்டி அவள் வரவில்லை. தாலி கட்டி முடிந்ததை நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டாள்.

“வாராங்க, வாராங்க. ரெண்டு பேருமே வாராங்கன்னு சொல்லு” என்றாள் பெரியம்மா, வாயெல்லாம் பல்லாக.

மறுநாள் உச்சிப்பொழுதுக்கு முன்பே எடப்பாடி வண்டி வந்துவிட்டது. அக்கா, மாப்பிள்ளை, அவருடைய அப்பா. மாப்பிள்ளையின் அம்மா எருமை கறக்க ஆள் இல்லை என்று வரவில்லை. பெரியப்பா எங்கள் வேலிப் படலிலேயே காத்துக்கொண்டு நின்றிருந்தார். சம்பந்தி வண்டியிலிருந்து தொப்பென்று குதித்தார். பெரியப்பா ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்தார்.

“பாத்து, பாத்துங்க. காலு!”

“காலுக்கு என்னங்க?” என்றார் சம்பந்தி.

“அதான், போன மாசம் பெசகுனது. அதுக்குத்தானுங்க நம்மூட்டு மேசையில விருந்தை வெச்சுக்கலாமுன்னேன். கேட்டாத்தான? பாவம், பரம்புப் பலகையைத் தூக்கிப் போட்டு என்னமோ பண்ணி வெச்சிருக்குது.”

சம்பந்தி திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். துப்பட்டி தொங்கும் மேசையையும் நான்கு இலையையும் அடுப்படி இருட்டையும் பார்த்தார். கன்னத்தைச் சொறிந்துகொண்டார். அவருக்குக் கால் பிசகியது உண்மைதான். ஒரு வாரம் எண்ணெய் போட்டு நீவியதில் சரியாகியும்விட்டது. அது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

“ஆமாமுங்க, காலு” என்று சொல்லிவிட்டு இடது காலை இழுத்து இழுத்து நடந்து உள்ளே வந்தார்.

நான் அதற்குள் மேசைக்கடியில் புகுந்துவிட்டேன். வள்ளத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அங்கே இருந்து எனக்குத் தெரிந்தவை எல்லாம் கால்கள்தான். அக்காவின் கால்களில் புது மெட்டி. மாப்பிள்ளையின் கால்கள் கூச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. பெரியப்பாவின் கால்களில் பெருவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. சம்பந்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை விறைப்பாக நீட்டியிருந்தார். நீட்டியிருந்தது வலது கால். வரும்போது இழுத்தது இடது காலாயிற்றே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அந்தக் காலும் காணாமல் போயிற்று. கயிற்றுக் கட்டிலில் உட்காரும் குடியானவர் யாரும் காலைத் தொங்கவிட்டு வெகு நேரம் உட்கார மாட்டார். அவரும் பழக்கதோஷத்தில் இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டுவிட்டார். முட்டி இரண்டும் நன்றாகவே மடங்கின.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கட்டில் பக்கமாகத் தலையை நீட்டினேன். சம்பந்தி குனிந்து என்னைப் பார்த்தார். நான் அவர் முட்டியைப் பார்ப்பதையும் பார்த்தார். ஒரு விரலை மீசைமேல் வைத்துக்காட்டிவிட்டு, வலது காலை மெதுவாகக் கீழே இறக்கி மறுபடி நீட்டிக்கொண்டார். நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அடுப்படியிலிருந்து ஒப்புட்டு வாசனையும் நெய் வாசனையும் வந்தன. சாப்பாடுதான் வரவில்லை.

“பரிமாற ஆரும் இல்லையா?” என்றார் பெரியப்பா. அவர் பெருவிரல் ஆடுவது நின்றுவிட்டது.

“அண்ணிங்க ரெண்டு பேரும் வாரேன்னாங்களாம்” என்றாள் அக்கா மெதுவாக.

“அதுங்களுக்கு ரெண்டு பேருக்கும் காலையில இருந்து தலைவலி. எந்திரிக்கவே முடியல.”

இரண்டு தலைக்கு ஒரே நேரத்தில் ஒரே வலி. அக்காவின் கால்கள் எழுந்திருக்கப் போயின. “நானே போடறேனுங்க பெரியப்பா” என்றாள்.

“உக்காரு. தலையாடிக்கு வந்த பொண்ணு எலையை உட்டு எந்திரிக்கலாமா? நல்லா இருக்குது நாயம்!” பெரியப்பாவின் கால்கள் தரையில் ஊன்றின. “இப்ப என்ன கெட்டுப்போச்சு? சட்டியெல்லாம் எடுத்து வண்டியில வெச்சுட்டு நம்மூட்டுக்குப் போலாமுங்க. அங்க எங்கூட்டுக்காரி இருக்கறா, சுமங்கலி. அவ கையால பரிமாறட்டும். சம்பந்தி காலுக்கும் நம்ம மேசை வாகா இருக்கும்.”

அடுப்படியில் அம்மா கரண்டியைச் சட்டிமேல் வைக்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு தேய்த்து, உருட்டி, நிறைத்து வைத்தது எல்லாம் வீணாகப் போகப்போகிறது. இனி என் அக்கா அந்த மிளகாய் மூட்டை வாசலில்தான் வந்து இறங்கப்போகிறாள். அழுகை வந்தது. கையை எடுத்துத் துடைக்கவும் முடியவில்லை, வள்ளம் சாய்ந்துவிடும்.

அப்போது சம்பந்தி பேசினார். “உங்க மேசை எங்க போயிருதுங்க? காலுதான் கஷ்டம். நீங்களே சொன்னீங்களே. ஒருக்கா உக்கார்ந்துட்டா, சோறு திங்காம எந்திரிக்க வாராதுங்க.”

“நான் கைத்தாங்கலாப் புடிச்சுக்கறேனுங்க.”

“வேண்டாமுங்க. ரொம்ப வலிக்கும்.” நீட்டிய காலை இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினார். “தங்கச்சி! இது உங்க ஊடு. உங்க மகளும் மருமகனும் எலை போட்டுக் காத்திருக்கறாங்க. சோத்தைக் கொண்டாங்க.”

மாப்பிள்ளையின் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதை நிறுத்திக்கொண்டு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. “கொண்டாங்க அத்தை” என்றார் அவரும். அவர் அன்றைக்குப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

துப்பட்டிக்கும் தரைக்கும் இடையில் இருந்த சந்து வழியாக அடுப்படி நிலைப்படி தெரிந்தது. அம்மாவின் கால்கள் அங்கே வந்து நின்றன. காட்டு வேலையில் வெடித்துப்போன, மஞ்சளைப் பார்த்து நான்கு வருஷமான கால்கள். படிக்கு அந்தப் பக்கமே நின்றன. ஒரு கால் கொஞ்சம் முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போயிற்று.

என் கை இரண்டும் மரத்துப் போய்விட்டன. எதற்காக இப்படி நின்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குக் கோபமே வந்தது. பிடிதுணி இல்லாமல் பருப்புச் சட்டியைத் தூக்கிவிட்டாள் போலிருக்கிறது, அதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மேசைக்கடியிலிருந்தே கத்தினேன்.

“ஏம்மா, சுடுதா?”

“ஆமா சாமி, சுடுது” என்றாள் அம்மா.

பிறகு அந்தக் கால்கள் படியைத் தாண்டி வந்தன. மேசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போயின, திரும்பி வந்தன, மறுபடி போயின. உப்பு, பருப்பு, நெய், ஒப்புட்டு என்று ஒவ்வொன்றாக மேலே இறங்கும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை இலைக்கும் சம்பந்தி இலைக்கும் எவ்வளவு போட்டாளோ அவ்வளவே பெரியப்பா இலைக்கும் போட்டாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று ஒப்புட்டுச் சாப்பிட்டார். அக்கா மட்டும் ஏனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். மிளகாயைக் கடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாயந்திரம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பிள்ளையார் கோவில் பக்கம் நெருப்பு மூட்டித் தேங்காய் சுட்டோம். பெரிய வீட்டுப் பெண் ஒருத்தி, என் வயசுக்காரி, என்னை ஒட்டி வந்து உட்கார்ந்தாள். “ஏம்புள்ள, உங்கம்மாவா வந்து பரிமாறுனாங்க? மாப்பிள்ளைக்கு? அவுங்க கையாலயேவா?” என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டாள்.

“ஆமாங்கறேன், அதுக்கென்ன இப்ப?” என்று எரிந்து விழுந்தேன். “நாலு பேரு உக்கார்ந்து தின்னாங்க, எங்க மேசை ஒருக்காக்கூட ஆடல. அது தெரியுமா உனக்கு?”